பழைய எம்எக்ஸ்-5க்கு ஷாக் மாற்றிய அனுபவம்

"வண்டி தொட்டில் மாதிரி ஆடுதுங்க" என்று என் மனைவி சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து மேற்கே, லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி க்ளாசப் ஊருக்குப் போகும் ஸ்நேக் பாஸ் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். அடிக்கடி மண் சரிந்து, தார் அமிழ்ந்து, ஒட்டுப்போட்டுக் கிடக்கும் பாதை அது, ரோடு அப்படி என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. போன வருடமும் இதே ரோட்டில்தான் போனோம், அப்போது இப்படி இல்லை, வளைவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் தனியாக ஒரு தடவை தூக்கிப்போட்டு அப்புறம்தான் அடங்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். நான் வாராவாரம் ஓட்டுகிறவன், அவள் ஏறியது எட்டு மாதத்துக்குப் பிறகு. அவள் சொன்னதுதான் சரி.

வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் தேய்வதில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும், பேட்டரி போனால் வண்டி எடுக்காது. ஷாக் மட்டும் மாதத்துக்கு ஒரு இம்மி என்று குறைந்துகொண்டே வரும், ஓட்டுகிறவனின் கையும் காலும் அதே வேகத்தில் பழகிக்கொண்டே போகும். வளைவுக்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரமே வேகத்தைக் குறைப்போம், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்போம், ஏன் என்று யோசிக்கவே மாட்டோம். அதனால் முதல் யோசனை இது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதே மாடலை நல்ல நிலையில் வைத்திருக்கும் ஒருவரின் வண்டியில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏறிப் பாருங்கள், அல்லது உங்கள் வண்டியில் எப்போதாவது ஏறுகிறவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடையது 1995ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான முதல் தலைமுறை, விளக்குகள் மேலே எழும்பி வருமே, அந்த மாடல். சுமார் ஒரு டன் எடை, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். குதிரைத்திறன் சுமார் 130தான், நேர் ரோட்டில் இன்றைய சாதாரண டீசல் கார்கூட முந்திவிடும். இந்தக் காரை மக்கள் முப்பது வருடம் கழித்தும் கட்டிக் காப்பது வளைவுகளுக்காக. ஷாக் செத்த எம்எக்ஸ்-5 என்றால் அதன் உயிரே போன மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன், ஒவ்வொரு மூலையாக அமுக்கி விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை மேலே வந்து நின்றது. அப்படியானால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லை. ஆர்ம்களின் இணைப்புகளில் இருக்கும் முப்பது வருடத்து ரப்பர் புஷ்களே அந்த மெதுவான ஆட்டத்தைப் பிடித்து நிறுத்திவிடும். கையால் அமுக்கும் வேகம் வேறு, மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் பள்ளத்தில் விழும்போது ஷாக்கின் தண்டு நகரும் வேகம் வேறு. அமுக்கிப் பார்த்து ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் நிச்சயம் போய்விட்டது என்று சொல்லலாம், ஆடவில்லை என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது. முந்தைய வருட எம்ஓடி (இங்கே வருடாவருடம் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) சீட்டில் பின்பக்க ஷாக்கில் லேசான எண்ணெய்க் கசிவு என்று எழுதியிருந்தார்கள், ஆனாலும் வண்டி பாஸ்தான். எண்ணெய் பலமாக ஒழுகினால், அல்லது வேலையே செய்யாத அளவுக்குக் கெட்டிருந்தால்தான் அங்கே ஃபெயில் போடுவார்கள், மேலே லேசாகப் படிந்த ஈரத்துக்குப் போட மாட்டார்கள். அந்த ஒரு வரியை அப்போதே நான் மதித்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னது டயர்தான். பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தடவினேன். மேடும் பள்ளமுமாக, கரண்டியால் அங்கங்கே வழித்தெடுத்த மாதிரி இருந்தது. சக்கரம் தரையை ஒரே சீராக அழுத்தாமல் துள்ளித் துள்ளி ஓடினால் டயர் இப்படித்தான் தேயும். சில மாதமாகக் கேட்ட ங்ங்ங் என்ற சத்தத்தை வீல் பேரிங் என்று நினைத்திருந்தேன், அது இதுதான். அப்புறம் டார்ச் அடித்துச் சக்கர வளைவுக்குள் பார்த்தால், தூசி உறை கிழிந்து தொங்குகிறது, உள்ளே பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாகப் பொடி.

பம்ப் ஸ்டாப் தெரியாதவர்களுக்காக: ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் கெட்டியான நுரை ரப்பர். சக்கரம் ரொம்ப மேலே வந்தால் இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்கும். இந்தக் காரில் சக்கரம் மேல்நோக்கி நகர இடம் குறைவு, அதனால் வளைவில் சாயும்போதே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிடும். சஸ்பென்ஷனில் அது இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அது பொடியாகிவிட்டால் புது ஷாக்கையும் சேர்த்துக் கொல்லும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, ஷாக்குக்கு மட்டும் காசைச் செலவழித்துவிட்டு இந்த ரப்பர் சாமான்களை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், நானும் முதலில் அப்படித்தான் ஆர்டர் போட்டேன். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் இல்லை. ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், அந்த ஆட்டத்தை எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, சூடாக மாற்றிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. ஷாக்கின் உச்சியை வண்டியோடு பிடித்திருக்கும் மேல் மவுன்டின் ரப்பர் தளர்ந்திருந்தால், முதல் சில மில்லிமீட்டர் அசைவு ஷாக்குக்கே போய்ச் சேராது. ரோட்டில் பெரும்பாலும் நடப்பதே அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

எந்த ஷாக் என்று முடிவு செய்யவே மூன்று வாரம் ஆனது. பில்ஸ்டைன் நல்ல பெயர், ஒற்றைக் குழாய், அதிக அழுத்தத்தில் நைட்ரஜன், எண்ணெய் நுரைக்காது. டி கார்பன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறை அது, பில்ஸ்டைன் அதை 1950களில் மெர்சிடிஸ் கார்களுக்காகச் செய்து பரப்பியது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற இதே காரின் எஸ்-ஸ்பெஷல் வகையில் கம்பெனியிலிருந்தே பில்ஸ்டைன் போட்டு வந்தது. நான் எடுத்தது கோனியின் மஞ்சள் ஷாக். 1857இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய டச்சுக் கம்பெனி, பிற்பாடு கார் ஷாக்குக்கு வந்தார்கள். இதில் தண்டின் உச்சியில் ஒரு திருகு உண்டு, ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பை அதில் கூட்டிக் குறைக்கலாம். என் வண்டியில் இருப்பது கம்பெனி ஸ்பிரிங், இந்த ஊர் ரோடோ மோசம், மிருதுவான பக்கத்தில் ஆரம்பித்துத் தேவையான அளவு மட்டும் இறுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். வண்டியைத் தாழ்த்தும் எண்ணமே எனக்கு இல்லை, அதனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும், உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட் பக்கம் போகவில்லை. மலிவான காயில்ஓவரைவிட நல்ல சாதாரண ஷாக் எவ்வளவோ மேல்.

கூடவே நான்கு மேல் மவுன்ட், நான்கு பம்ப் ஸ்டாப், தூசி உறை, வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஆர்ம்களோடு இணைக்கும் நான்கு லிங்க், ஷாக்கின் கீழ் போல்ட்டுகள் எல்லாம் புதிதாக. 1998இல் இங்கே விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் மேல் மவுன்டை வாங்கினால் சக்கரம் மேலே நகரக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும், முதல் தலைமுறைக்காரர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். நானும் அதையே போட்டேன். ஆனால் அதைப் போட்டால் பம்ப் ஸ்டாப்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே விற்கும் கடையில் வாங்குவது நல்லது.

எங்கள் தெருக்கோடியில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாமான் எல்லாம் வந்த அன்று மாலையே கழற்ற ஆரம்பிக்கலாம் என்று ஸ்பேனர் பெட்டியோடு நின்றேன். வந்து கீழே எட்டிப் பார்த்தார். "தம்பி, இண்டைக்கு ஒண்டையும் தொடாதேங்கோ. ஒரு கிழமைக்கு எண்ணெய் மட்டும் அடியுங்கோ, காலமையும் பின்னேரமும்" என்றார். "ஒரு வாரமா அண்ணை?" என்றேன். "முப்பது வருசம் உப்புத் தண்ணியில நிண்ட போல்ட், ஒரு கிழமை பொறுக்கக் கூடாதோ?" என்றார்.

இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அதுதான் இந்த ஊர்க் கார்களுக்கு எமன். அவர் சொன்னபடி ஒரு வாரம், வெளியே தெரியும் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடித்தேன். பிரஷ் போடுவதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் துரு இருந்தால், கழற்றும்போது அந்தத் துருவைத்தான் நட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளும். முன்பக்கத்தில் ஒரு போல்ட்கூட உடையவில்லை என்பதற்கு அந்த ஒரு வாரம்தான் காரணம்.

தூக்கும் இடம் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாடலில் கதவுக்குக் கீழே ஓடும் சில், முக்கியமாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதி, உள்ளிருந்து துருப்பிடித்து வரும். வெளியே பெயின்ட் பளபள என்று இருக்கும், ஜாக்கியை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். முன்பக்கம் நடுவில் இருக்கும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம், பின்பக்கம் டிஃபரன்ஷியல் கூடு, இந்த இரண்டு இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்து, அதற்கு மேலும் கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஒரு நிமிட வேலைக்குக்கூட.

தூக்குவதற்கு முன்னால் செய்த ஒரு காரியம் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது. சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு எண்ணையும் சுவரில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

முன்பக்கம் நினைத்ததைவிடச் சுலபம். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டு நட்டு, கீழே லோயர் ஆர்மில் ஒரு போல்ட். இதைக் கழற்றிவிட்டால் மட்டும் ஷாக் வெளியே வராது, ஆர்ம் இன்னும் கீழே இறங்க வேண்டும். இதற்குப் பலர் பல வழி சொல்வார்கள். நான் ஆர்மையும் சக்கரம் பூட்டும் பாகத்தையும் இணைக்கும் லோயர் பால் ஜாயின்டை ஆர்மோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினேன். அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, மாற்றும் போல்ட்டுகள் லோயர் ஆர்மின் உள்பக்கம் இருக்கின்றன, இந்த வழியில் அவற்றைத் தொட வேண்டியதே இல்லை. ஆர்ம் தாழ்ந்ததும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே கைக்கு வந்தன. சக்கரம் பூட்டும் பாகம் பிரேக் ஹோஸில் தொங்காதபடி ஒரு கம்பியால் மேலே கட்டிவைத்தேன்.

கழற்றிய உடனே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், மேல் மவுன்டிலிருந்து ஸ்பிரிங் வழியாக, கீழ் போல்ட் நுழையும் கண் வரை. மேலே இருக்கும் இரண்டு போல்ட்டும் கீழே இருக்கும் கண்ணும் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட கோணத்தில் இருக்கின்றன. திருப்பிப் பூட்டும்போது அது பத்து டிகிரி விலகியிருந்தாலும், வண்டிக்குள் போய்க் கீழ் போல்ட்டின் ஓட்டை நேராக வராது, ஸ்பிரிங்கை மறுபடி அமுக்க வேண்டியிருக்கும்.

அந்த அமுக்கும் வேலைதான் இதில் உயிருக்கு ஆபத்தான ஒரே வேலை. மலிவான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இரண்டு கொக்கிதான், எதிரெதிரே வைத்து மாறி மாறி ஒவ்வொரு திருப்பாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வளைந்து கொக்கி நழுவும், நழுவினால் அந்த வேகத்துக்கு முகமும் தாடையும் தாங்காது. அண்ணர் பக்கத்திலேயே நின்றார். மையத்து நட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பார்க்கச் சொன்னார், தட்டில் லொடலொட என்று சுற்றினால்தான் பாரம் முழுக்கக் கம்ப்ரெஸருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "முகத்தை அந்தப் பக்கம் வையாதேங்கோ" என்று நான்கு தடவையும் சொன்னார், ஒரு தடவையும் விடாமல். இந்த வேலைக்கு மனம் துணியவில்லை என்றால் வெட்கப்படவே வேண்டாம், கழற்றியதை அப்படியே ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனால் சுவரில் பதித்த கம்ப்ரெஸரில் மாற்றித் தருவார்கள்.

பழைய ஷாக்கைத் தனியாக எடுத்ததும் நிமிர்த்தி வைத்துத் தண்டை உள்ளங்கையால் அழுத்தினேன். முதல் இரண்டு அங்குலம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி எதிர்ப்பே இல்லாமல் போனது. அப்புறம் ஓரிடத்தில் களக் என்று ஒரு சத்தம், அங்கிருந்துதான் கொஞ்சம் பிடித்தது. கையை எடுத்தேன், தண்டு போன இடத்திலேயே நின்றது. புதிதில் இதற்குள் வாயு இருந்திருந்தால் தானாக மேலே வந்திருக்கும். மேலே இழுத்தபோதும் அதே கதை, பாதி தூரம் காலி. தண்டின் பளபளப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறமாகி, சீலின் ஓரத்தில் தாரைப்போலக் கருப்பாக எண்ணெய் கட்டியிருந்தது. பக்கத்தில் புது ஷாக். பெட்டியிலிருந்து எடுத்து நிமிர்த்தி ஐந்தாறு தடவை முழுதாக அமுக்கி இழுத்தேன், இரட்டைக் குழாய் ஷாக் படுத்துக் கிடந்தால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும், பூட்டுவதற்கு முன் இப்படி விரட்டிவிட வேண்டும். இழுக்கும்போது முதல் மில்லிமீட்டரிலிருந்தே கைக்குப் பாரம் தெரிந்தது, தேனுக்குள் கரண்டியை இழுக்கிற மாதிரி. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்த அந்த நிமிடம்தான், இத்தனை நாள் எப்படி ஓட்டினோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்த வண்டியில் என் பக்கத்தில் அவளும் அல்லவா உட்கார்ந்து வந்தாள்.

பூட்டும்போது இரண்டு விஷயம். மையத்து நட்டை இறுக்கும்போது தண்டும் கூடவே சுற்றும், அதை நிறுத்த பிளையரால் தண்டைப் பிடிக்காதீர்கள். பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் அது மேலும் கீழும் போய்ப் போய்ச் சீலை அறுத்துவிடும். தண்டின் உச்சியை அதற்கான சாவியால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள், ஏர் கன் வேண்டாம். இரண்டாவது, இந்த ஷாக்கில் ஸ்பிரிங் தட்டு உட்காரும் காடி ஒன்றுக்கு மேல் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே காடியா என்று எண்ணிப் பாருங்கள்.

பின்பக்கம்தான் நாளைத் தின்றது. மேல் நட்டுகள் டிக்கிக்குள், கார்ப்பெட்டுக்குப் பின்னால். வலது பக்கம் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டும். டிக்கிக்குள் இருக்கும் பேட்டரி என்பதால் வாயுவை வெளியே விட மெல்லிய குழாய்கள் உண்டு, திரும்ப வைக்கும்போது அவற்றை மறக்காமல் மாட்ட வேண்டும். இடது பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் நட்டை மறைத்துக்கொண்டு போகிறது, நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்டும் இல்லாமல் சாக்கெட் நேராக உட்காராது. கோணலாக உட்காரவைத்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும், அப்புறம் அந்த இடுக்கில் ஒன்றும் செய்ய முடியாது.

கீழே, சக்கரத் தாங்கியையும் லோயர் ஆர்மையும் இணைக்கும் நீளமான போல்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் ஆர்ம் சுகமாக இறங்கும் என்று படித்திருந்தேன். நட்டு வந்தது, போல்ட் வரவில்லை. புஷ்ஷின் உள்குழாயோடு துருவாகவே ஒன்றாகிவிட்டது. சுத்தியலை எடுத்தேன், அண்ணர் கையைப் பிடித்தார். அடித்தால் மரை நசுங்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இன்றைக்கு அது தேவையில்லாத சண்டை என்றார். அதனால் நட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு வேறு வழி பார்த்தோம். இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் லிங்கைக் கழற்றி, அப்பர் ஆர்மின் உட்பக்கப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அவர் காலால் ஆர்மை அழுத்திப் பிடிக்க, நான் ஷாக்கைச் சாய்த்து வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் லிங்கைக் கழற்றினால் ஸ்டெபிலைசர் பார் ஆர்மை இறங்கவே விடாது, இரண்டு பக்கமும் கழற்றினால்தான் முடியும்.

இருட்டும் நேரத்துக்கு எல்லாம் பூட்டியாயிற்று. அங்கேதான் தவறு செய்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு இறுக்கம் கொடுத்துவிட்டேன். அண்ணர் அப்போது வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை அளந்தேன். பின்பக்கம் சுவரில் எழுதியிருந்ததைவிட இடது 12 மில்லிமீட்டர், வலது 9 மில்லிமீட்டர் உயரம். முதலில் புது ஷாக் என்பதால் என்று நினைத்தேன், தெருவைச் சுற்றி ஓட்டினால் சின்ன மேட்டுக்கெல்லாம் பின்பக்கம் கட்டைபோலத் தட்டியது. அண்ணரிடம் போய்ச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்: "சில்லு நிலத்தில இருக்கேக்கை இறுக்கினீங்களோ, தொங்கேக்கை இறுக்கினீங்களோ?"

இந்த ஆர்ம்களில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். உள்ளே இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் சாதாரண நிலை. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி தொங்கும் நிலைக்கே தள்ளப் பார்க்கும். வண்டி உயரமாக நிற்கும், கூடுதலாக ஒரு ஸ்பிரிங் போட்ட மாதிரி விறைக்கும், கொஞ்ச நாளில் ரப்பரும் கிழியும். புது ஷாக் போட்டும் வண்டி சரியில்லை, அந்தக் கம்பெனி ஷாக் மோசம் என்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

நான்கு சக்கரத்துக்கு அடியிலும் மரப்பலகைகளை அடுக்கி அதன் மேல் வண்டியை இறக்கினோம். சக்கரத்தில் எடை இருக்கிறது, அடியில் கைவிடவும் இடம் இருக்கிறது. ஓட்டுநர் சீட்டில் என் எடைக்கு ஈடாக இரண்டு மூட்டை மண், முன்னும் பின்னும் வண்டியை உருட்டி உட்காரவைத்து, நான் தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தித் திரும்ப இறுக்கினேன். இடது பின் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தியபோது டங் என்று சத்தம் வந்து வண்டி கண்ணெதிரே கொஞ்சம் இறங்கியது. அளந்தால் பழைய எண்ணுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றது. என் காரின் சர்வீஸ் புத்தகத்தில் ஷாக்கின் மேல் நட்டுக்கு 29 முதல் 36 நியூட்டன் மீட்டர், கீழ் போல்ட்டுக்கு 73 முதல் 93, வீல் நட்டுக்கு 88 முதல் 118 என்று இருக்கிறது. மேல் நட்டு எவ்வளவு குறைவு பாருங்கள், கைக்கு வந்த பலத்தில் இறுக்கினால் மவுன்ட் போல்ட் உடைந்து கையோடு வரும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டேன், பிறகு நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

அலைன்மென்ட் கட்டாயம். நாம் அந்த போல்ட்டுகளைத் தொடாவிட்டாலும் உயரம் சிறிது மாறினாலே கோணங்கள் மாறும். நான் முதலில் போன இடத்தில் முன் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை நிறச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். இந்தக் காரில் முன்னும் பின்னும் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), டோ எல்லாமே மாற்றலாம், பின் டோ கொஞ்சம் தவறினாலும் வண்டி தானாக வழி மாறும். பழைய கார்களைப் பார்க்கும் வேறு ஒருவரிடம் போய், சீட்டில் என் எடை இருக்கும்படி, முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் 1.5, பின் டோ சற்று உள்நோக்கி என்று எழுதிக் கொடுத்துச் செய்துகொண்டேன். கழற்றுவதற்கு முன் அந்த ஒரு வாரம் எண்ணெய் அடித்தபோது அலைன்மென்ட் போல்ட்டுகளுக்கும் அடித்திருந்தேன், அது வீண்போகவில்லை, எட்டும் திரும்பின.

கோனியின் திருகைக் கடைசி மிருதுவில் வைத்து ஓட்ட ஆரம்பித்தேன். பின் திருகு டிக்கி கார்ப்பெட்டுக்குள் இருப்பதால் பத்து நாளைக்குக் கார்ப்பெட்டை மாட்டாமலே வைத்திருந்தேன், ஒரே ரோடு, ஒரே வேகம், ஒவ்வொரு தடவையும் ஒரு மாற்றம் மட்டும். முன்னால் அரைத் திருப்பு, பின்னால் கால் திருப்பு இறுக்கியதும் எனக்குப் போதும் என்று தோன்றியது. முக்கால் வரை போய்ப் பார்த்தேன், வழவழப்பான ரோட்டில் நன்றாக இருந்தது, அடுத்தடுத்து மேடு வந்தபோது ஷாக் நீண்டு திரும்புவதற்குள் அடுத்த மேடு வந்து வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போவது தெரிந்தது. இறுக்கினால் ஸ்போர்ட்ஸ் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், சக்கரம் தரையை விட்டு எழாமல் இருப்பதுதான் வேண்டும்.

டயர் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது, மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் புது ஷாக் போட்டாலும் சரியாகாது, அதே ங்ங்ங் சத்தம்தான் வரும். ஷாக் மாற்றக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூறு மைல் ஓடியதும் மறுபடி அடியில் போய்ப் பெயின்ட் கோடுகளைப் பார்த்தேன். வலது முன் லிங்கின் நட்டில் மட்டும் கோடு சற்று விலகியிருந்தது, இறுக்கினேன். மற்ற எல்லாம் போட்ட இடத்தில் நேராக நின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்நேக் பாஸ் போனோம். அவள் சொன்ன அதே வளைவு, அதே பள்ளம். டக் என்று ஒரே சத்தம், வண்டி விழுந்து எழுந்து அங்கேயே அடங்கியது, ஸ்டியரிங்கில் என் கை அசையவில்லை. அவள் அதுவரை பேசிக்கொண்டிருந்த அக்கா மகளின் கல்யாணக் கதையை ஒரு வார்த்தைகூட நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள்.